ஸ்லோ குக்கர் பீஃப் கைமா கேசரோல்: ஒரு தடவை கூழ், ஒரு தடவை தண்ணி. எங்க தப்பு?

நாகர்கோவில் நர்ஸ் (மினசோட்டா)

எல்லாருக்கும் வணக்கம். இவ்வளவு நாள் வாசிச்சிட்டு மட்டும் போவேன், இன்னைக்குத்தான் முதல் தடவையா எழுதுறேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

நான் ஆஸ்பத்திரியில நர்ஸ். வாரத்துல மூணு நாள் காலை 7ல இருந்து ராத்திரி 7.30 வரை டியூட்டி. வீடு வந்து சேர 8.15 ஆயிடும். வீட்டுக்காரர் பிள்ளைங்களைக் கூட்டிட்டு 4.30க்கு வருவார். மகனுக்கு 9 வயசு, மகளுக்கு 6. இப்ப ஆறு மாசத்துக்கு மாமியாரும் ஊர்ல இருந்து வந்திருக்காங்க. அவங்களுக்குப் பல் செட், கடினமான இறைச்சி மெல்ல முடியாது. ஆக அஞ்சு பேருக்குச் சாப்பாடு, 6 மணிக்கு மேசையில இருக்கணும், அந்த நேரத்துல நான் வார்டுல இருப்பேன்.

எங்க சபை லுத்தரன். நாகர்கோவில்லயும் நாங்க லுத்தரன் சபைதான், அதனால இந்த ஊருக்கு வந்ததும் முதல்ல தேடினது கோயிலைத்தான். இங்க மாசத்துல ஒரு ஞாயிறு ஆராதனை முடிஞ்சதும் கீழ்த்தள ஹால்ல ஆளுக்கொரு பாத்திரம் கொண்டு வந்து சேர்ந்து சாப்பிடுவோம். அதுல ஹாட் டிஷ் இல்லாத நாளே கிடையாது. எல்லாத்தையும் ஒரே பாத்திரத்துல அடுக்கி வேகவைக்கிறதை மத்த ஊர்ல கேசரோல்னு சொல்வாங்க, இந்தப் பக்கம் ஹாட் டிஷ்னுதான் சொல்றாங்க. அடியில மாட்டுக் கைமா, மேல பீன்ஸ், காளான் சூப், உச்சியில டேட்டர் டாட் (துருவின உருளைக்கிழங்கை உருட்டிப் பொரிச்சது) வரிசையா அடுக்கி மொறுமொறுன்னு இருக்கும். என் மகன் வீட்டுல எதைப் போட்டாலும் ரெண்டு வாயோட எந்திரிச்சிடுவான். அங்க ஒரு தட்டை வழிச்சுச் சாப்பிட்டுட்டு, "அம்மா, நம்ம வீட்ல ஏன் இது செய்றதில்ல"ன்னு கேட்டான். அந்த வாரமே ஆறு குவார்ட் (ஏறக்குறைய அஞ்சே முக்கால் லிட்டர்) ஸ்லோ குக்கர் ஒண்ணு வாங்கிட்டேன், குறைஞ்ச சூட்டுல மணிக்கணக்கா வேகவைக்கிற கரண்ட் சட்டி.

முதல் தடவை டியூட்டி நாள். காலை 6 மணிக்கு ரெண்டு பவுண்டு கைமா, வெங்காயம், ஒரு டப்பா தக்காளி, மக்ரோனி எல்லாத்தையும் போட்டு, குமிழை லோவுல (குறைஞ்ச சூட்டுல) வச்சிட்டுப் போயிட்டேன். சாயங்காலம் 6 மணிக்கு வீட்டுக்காரர் திறந்தப்ப மக்ரோனி கரைஞ்சு பசையாயிருந்துச்சாம். ஓரமெல்லாம் கருகி, இறைச்சி மணல் மாதிரி. யாரும் சாப்பிடல. மாமியார் எல்லாருக்கும் தோசை சுட்டுக் கொடுத்தாங்க.

ரெண்டாவது தடவை லீவு நாள்ல, பக்கத்துலயே இருந்து செஞ்சேன். ஃப்ரீசர்ல இருந்த கைமா பாதிதான் இளகியிருந்துச்சு, அப்படியே போட்டேன். உருளைக்கிழங்கைப் பெரிய துண்டா நறுக்கி மேல போட்டேன், தக்காளி டப்பா, அடி பிடிச்சிடுமோன்னு ஒரு கப் தண்ணி. மதியம் 12ல இருந்து 4 வரை லோ. மாமியார் பாவம், நம்ம ஊர்ப் பழக்கத்துல இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து கிண்டிக்கிட்டே இருந்தாங்க. கடைசியில இறைச்சி ஒரே கட்டி, கிழங்கு நறுக்குன்னு இருக்கு, மேல ஒரு விரல் அளவு எண்ணெய்த் தண்ணி.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். கைமாவைக் கண்டிப்பா முன்னாடியே வதக்கணுமா? அதையும் செய்யணும்னா ஸ்லோ குக்கர் எதுக்கு? நான் பன்னிரண்டு மணி நேரம் வீட்டுல இல்லாத நாள்ல இது நடக்கவே நடக்காதா? டைமர் இருக்கிற மெஷின் வாங்கினா சரியாகுமா? மகனுக்கு வீட்டுல அதே மாதிரி ஒரு தட்டு வைக்கணும், அவ்வளவுதான்.

ஸ்காபரோ அன்ரி

பிள்ளை, முதல்ல அந்த ரெண்டாந்தரம் செய்ததைப் பற்றிச் சொல்லிப்போடுறன், அதுதான் எனக்குப் பயமாக் கிடக்குது. உறைஞ்ச இறைச்சியை ஒருநாளும் ஸ்லோ குக்கருக்குள்ள போடாதேங்கோ.

நான் முதியோர் இல்லமொண்டில 17 வருசம் சமையலறையில நிண்டனான். இறைச்சிக்கு வெப்பமானி குத்திப் பாக்காமல் ஒரு தட்டும் வெளியில போகாது. 4 பாகையில இருந்து 60 பாகை செல்சியஸ் வரைக்கும்தான் கிருமி பெருகிற இடம். ஸ்லோ குக்கர் ஆறுதலாத்தான் சூடேறும். உறைஞ்ச கட்டியைப் போட்டால் நடுப்பகுதி மணித்தியாலக் கணக்கில அந்த இடத்துக்குள்ளேயே கிடக்கும். அதுவும் நீங்கள் கைமா எண்டு சொல்லுற மின்ஸ் இன்னும் கவனம். முழுத் துண்டு இறைச்சியில கிருமி வெளிப்பக்கத்திலதான் இருக்கும், சட்டியில பட்டவுடன செத்துப்போகும். அரைக்கேக்க வெளியில இருந்தது எல்லாம் உள்ளுக்குக் கலந்துபோகுது. அதாலதான் மின்ஸ் நடுவிலயும் 71 பாகை வரோணும் எண்டு சொல்லுறது, உங்கட பக்கத்துக் கணக்கில 160 ஃபாரன்ஹீட். ஒரு சின்ன வெப்பமானி வாங்கி வையுங்கோ. நீங்கள் நர்ஸ், உங்களுக்கு நான் கனக்கச் சொல்லத் தேவையில்லை.

இனி வதக்கிறது. ஓம், வதக்கத்தான் வேணும். தாச்சியில வெங்காயத்தோட பத்து நிமிசம். கரண்டியால உடைச்சு உடைச்சு விட்டால் கட்டி பிடிக்காது, கொழுப்பை வடிச்சு எறியலாம், கொஞ்சம் கருஞ்சிவப்பா வரேக்க ஒரு வாசம் எழும்பும் பாருங்கோ, அது ஸ்லோ குக்கருக்குள்ள ஒருநாளும் வராது. உள்ளுக்கு எல்லாம் ஈரம், ஈரத்தில இறைச்சி அவியும், பொரியாது.

"அப்ப ஏன் ஸ்லோ குக்கர்" எண்டு கேட்டியள். நியாயமான கேள்வி. இந்தச் சட்டி கடின இறைச்சிக்காக வந்தது. தோள்பட்டை, கால் இறைச்சி எண்டால் எட்டு மணித்தியாலம் கிடந்து அந்த நரம்பெல்லாம் இளகிக் கரையும். மின்ஸை மெசின் ஏற்கனவே நொறுக்கிப் போட்டுது, அதுக்கு எட்டும் வேண்டாம் பன்னிரண்டும் வேண்டாம். வதக்கின மின்ஸுக்கு லோவில அஞ்சு, மிஞ்சினால் ஆறு மணித்தியாலம். ஹையில மூண்டு. அதுவும் இறைச்சிக்காக இல்லை, கிழங்குக்காகத்தான். உங்கட முதல் நாள் கூழானது அதாலதான்.

டைமர் வாங்காதேங்கோ. பச்சையா எல்லாத்தையும் உள்ளுக்கு வச்சிட்டு ஆறு மணித்தியாலம் கழிச்சு சூடேறட்டும் எண்டு விட்டால், அந்த ஆறு மணித்தியாலமும் சாப்பாடு வெளியில கிடந்ததுதான் கணக்கு. ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல அப்பிடி வைக்கக் கூடாது.

உங்கட வீட்டிலதான் ஒரு ஆள் இருக்கிறாவே! மாமி பகல் முழுக்க வீட்டில. முதல்நாள் இரவு நீங்கள் இறைச்சியை வதக்கி, வடிச்சு, ஆழமில்லாத பாத்திரத்தில பரப்பி ஆறவிட்டு பிரிட்ஜில வையுங்கோ. கிழங்கை வெட்டித் தண்ணியில போட்டு அதையும் வையுங்கோ. அந்தக் களிமண் சட்டியை மட்டும் பிரிட்ஜில வைக்காதேங்கோ, குளிர்ந்த சட்டி சூட்டில ஏறினால் வெடிக்கும். ஒரு மணிக்கு மாமி அடுக்கிக் குமிழைத் திருப்பினால் ஆறு மணிக்குச் சாப்பாடு.

கிழங்கு எப்பவும் அடியில. சூடு வாறது அடியிலயும் ஓரத்திலயும்தான். கால் அங்குலத்துக்கு மேல தடிப்பு வேண்டாம். தக்காளி ரின் (டப்பா) போடுறதெண்டால் கிழங்கோட சேத்துப் போடாதேங்கோ, புளிப்பில கிழங்கு இறுகி நிக்கும், கெதியா அவியாது. மூடி திறந்தால் ஒவ்வொரு தரமும் இருபது நிமிசம் வீண். மாமிக்கு இதை அன்பாச் சொல்லுங்கோ. கிண்டுறது அவவுக்குக் கைப்பழக்கம், குற்றமில்லை.

ஆம்பூரான் (ஹூஸ்டன்)

அன்ரி சொன்ன எல்லாவற்றுக்கும் நான் கையெழுத்து. அந்த எண்ணெய்த் தண்ணீரைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அக்கா.

கைமா பாக்கெட்டில் 80/20, 85/15, 93/7 என்று போட்டிருக்கும், கவனித்தீர்களா? பின்னால் இருப்பது கொழுப்பின் சதவீதம். நீங்கள் வாங்கியது 80/20 என்றால் இரண்டு பவுண்டில், அதாவது 907 கிராமில், சுமார் 180 கிராம் கொழுப்பு. பச்சையாகப் போட்டு மூடினால் அது எங்கே போகும்? மேலே மிதக்கும். நான் ஹலால் கடையில் 85/15 கேட்டு வாங்குவேன். 93/7 வேண்டாம், வதக்கும்போதே வறண்டுவிடும், உங்கள் மாமியாருக்கு மெல்லக் கஷ்டம். வடித்த கொழுப்பைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், குழாய் அடைக்கும். காலி டப்பாவில் ஊற்றி உறைந்ததும் குப்பையில் போடுங்கள்.

தண்ணீர் விஷயம். எங்கள் ஊர்க்காரனுக்கு இது உடனே புரியும். பிரியாணிக்குத் தம் போடும்போது ஆவி ஒரு துளி வெளியே போகக் கூடாது என்றுதான் மூடியை அடைத்துக் கனம் வைக்கிறோம். ஸ்லோ குக்கரும் கிட்டத்தட்ட அதே தம்தான், மூடியில் ஏறுகிற ஆவி மறுபடி உள்ளேயே சொட்டும். இறைச்சி, வெங்காயம், பீன்ஸ் எல்லாம் தண்ணீர் விடும், அதில் எதுவும் குறையாது. அதனால் நீங்கள் ஊற்றிய ஒரு கப் தண்ணீர் முழுக்க அதிகப்படி. காளான் சூப் டப்பா சேர்ப்பதென்றால் அதையும் தண்ணீர் கலக்காமல் அப்படியே போடுங்கள். அதில் உப்பு நிறைய இருக்கிறது, ருசி பார்க்காமல் மேற்கொண்டு உப்புப் போடாதீர்கள். கடைசி முக்கால் மணி நேரம் மூடிக்கு அடியில் ஒரு சுத்தமான வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டுங்கள். இட்லித் துணி இருந்தால் அதுவே போதும். சொட்டுகிற நீரை அது குடித்துவிடும். துணியின் நுனி கீழே சூட்டில் தொங்காமல் மூடிக்கு மேலே மடித்துப் போட்டுவிடுங்கள்.

நான் சூப் டப்பா வாங்குவதில்லை. மூன்று மேசைக்கரண்டி வெண்ணெயில் 200 கிராம் காளானை வதக்கி, மூன்று மேசைக்கரண்டி மைதா தூவி, பச்சை வாசம் போனதும் ஒரு கப் பால், அரை கப் இறைச்சி வேகவைத்த நீர். கட்டியாக வரும்வரை கிண்டினால் முடிந்தது. மைதா இருப்பதால் பால் திரியாது. சீஸ், புளித்த க்ரீம் இரண்டும் கடைசி இருபது நிமிடத்தில்தான். ஆரம்பத்திலேயே போட்டால் திரிந்து துகள் துகளாக நிற்கும்.

என் வீட்டில் நான்கு பிள்ளைகள். ஆறு குவார்ட் சட்டிக்கு இதுதான் என் அளவு: ஒன்றரை பவுண்டு கிழங்கு, வதக்கிய கைமா இரண்டு பவுண்டு, பெரிய வெங்காயம் ஒன்று, பூண்டு நான்கு பல், பீன்ஸ் 12 அவுன்ஸ், காளான் கலவை முழுவதும், ஒரு கரண்டி வூஸ்டர்ஷயர் சாஸ், மேலே ஒன்றரை கப் செடார் சீஸ். உறைந்த பீன்ஸ் என்றால் இளகவைத்து, தண்ணீரை வடித்து, கடைசி ஒரு மணி நேரத்தில் போடுங்கள், பச்சை நிறம் போகாது. சட்டியில் பாதிக்கு மேல், முக்காலுக்குக் கீழ் நிரம்பியிருக்க வேண்டும். மக்ரோனி போட ஆசை என்றால் தனியாக முக்கால் வேக்காடு எடுத்துக் கடைசி இருபது நிமிடத்தில் சேருங்கள்.

செயின்ட் பால் தமிழன்

நான் சைவம். ஆனால் இந்த மாநிலத்தில் 14 வருடம், ஹாட் டிஷ் பற்றிப் பேச எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு.

டேட்டர் டாட்டை ஸ்லோ குக்கருக்குள் போட வேண்டாம். எத்தனை துணி கட்டினாலும் நமத்துப் போகும். உங்கள் மகனுக்குப் பிடித்தது அந்த மொறுமொறுப்பாகத்தான் இருக்கும். தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி 425 ஃபாரன்ஹீட்டில் சுமார் 25 நிமிடம் ஓவனில் வைத்து, பரிமாறும்போது மேலே அடுக்குங்கள். பழைய ஹாட் டிஷ்ஷில் டாட் கிடையாது என்பதும் தெரிந்திருக்கட்டும். அச்சில் வந்த முதல் குறிப்பு என்று இங்கே காட்டப்படுவது 1930ல் மங்கேட்டோ ஊர் லுத்தரன் சபைப் பெண்கள் வெளியிட்ட சமையல் புத்தகத்தில் இருப்பது. அதில் கைமா, மக்ரோனி, பட்டாணி, தக்காளி சூப். டேட்டர் டாட்டே 1950களில்தான் வந்தது, நறுக்கி மிஞ்சிய உருளைக்கிழங்குத் துணுக்குகளை வீணாக்காமல் உருட்டி விற்கத் தொடங்கினார்கள்.

ஸ்லோ குக்கரின் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். இர்விங் நாக்ஸன் என்பவர் 1940ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். லித்துவேனியாவில் யூதக் குடும்பங்கள் வெள்ளிக்கிழமை மாலை பானையை ரொட்டிக் கடை அடுப்பில் கொண்டுபோய் வைத்துவிட்டு, ஓய்வுநாளில் அடுப்பு மூட்டாமல் எடுத்துச் சாப்பிடுவதை அவர் அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறார். 1971ல்தான் கிராக்பாட் என்ற பெயரில் கடைக்கு வந்தது. வீட்டில் இல்லாத நேரத்தில் வீட்டுச் சாப்பாடு வேக வேண்டும் என்பது புதிய கவலை இல்லை, சகோதரி.

ஒரு எச்சரிக்கை. சிலர் இதில் ராஜ்மா சேர்ப்பார்கள். பச்சை ராஜ்மாவை நேரே ஸ்லோ குக்கரில் போடக் கூடாது. அதில் உள்ள நச்சுப் புரதம் அந்தக் குறைந்த சூட்டில் அழியாது, வாந்தியில் கொண்டுபோய் விடும். 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்ட பிறகுதான். டப்பா ராஜ்மா என்றால் வெந்தது, பயமில்லை.

நாகர்கோவில் நர்ஸ் (மினசோட்டா)

பத்து நாள் கழிச்சு எழுதுறேன், மன்னிக்கணும். செஞ்சு பார்த்துட்டுத்தான் எழுதணும்னு இருந்தேன்.

திங்கள் ராத்திரி பிள்ளைங்க தூங்கினதும் கைமாவை வதக்கினேன், 85/15தான். வடிச்ச கொழுப்பு ஒரு பழைய டப்பாவுல பாதிக்கு நின்னுச்சு, பார்த்ததும் திக்குன்னு ஆயிடுச்சு. வீட்டுக்காரர் கிழங்கு சீவிக் கொடுத்தார். மாமியாருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது, அதனால குமிழ்ல லோ இருக்கிற இடத்துல மகளோட சிவப்பு ஸ்டிக்கர் ஒண்ணை ஒட்டினேன். அடுக்க வேண்டிய வரிசையைத் தமிழ்ல எழுதி பிரிட்ஜ் கதவுல ஒட்டினேன். மூடியைத் திறக்கக் கூடாதுன்னு சொன்னதுக்கு, "அப்ப வெந்துச்சான்னு எப்படிட்டி தெரியும்?"னு கேட்டாங்க. கண்ணாடி மூடிதானே அம்மே, வெளிய இருந்து பாருங்கன்னேன்.

செவ்வாய் மதியம் 1 மணிக்கு வீட்டுக்குப் போன் பண்ணினேன். "வச்சாச்சு, நீ வேலையைப் பாரு"ன்னாங்க. 3 மணிக்கு மறுபடி பண்ணினேன். நாற்காலி போட்டு எதிர்ல உட்கார்ந்திருக்கேன்னாங்க.

நான் வந்தப்ப 8.20. எனக்குன்னு வார்ம்ல, அதாவது ஆறாம சூடா வைக்கிற நிலையில, வச்சிருந்தாங்க. வெப்பமானி குத்தினேன், 66 பாகை, அன்ரி சொன்ன 60க்கு மேலதான். கிழங்கு வெண்ணெய் மாதிரி வெந்திருந்துச்சு, தண்ணி இல்ல. ஒரு வாய் வச்சதுமே நம்ம வீட்டு வாசம். மாமியார் என் காகிதத்துல இல்லாத ஒண்ணு செஞ்சிருக்காங்க: நல்லமிளகும் பூண்டும் அம்மியில்லாம டம்ளர் அடியால நசுக்கி இறைச்சியோட புரட்டியிருக்காங்க. மகனுக்கு எரிக்கலையான்னு கேட்டேன். ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான், டாட் மட்டும் மூணு தடவைன்னார் வீட்டுக்காரர். மகள் பீன்ஸை ஒதுக்கி வச்சிட்டா, அது வேற கதை.

எல்லாருக்கும் மனசார நன்றி. அன்ரி, உங்களுக்கு மாமியார் தனியா ஒரு கேள்வி அனுப்பியிருக்காங்க. அடுத்த வாரம் உருளைக்கிழங்குக்குப் பதிலா மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) போடலாமான்னு கேக்குறாங்க. எங்க ஊர்ல மரச்சீனியும் பீஃபும்னா உயிர். இங்க கடையில உறைஞ்ச மரச்சீனி கிடைக்குது.

ஸ்காபரோ அன்ரி

மாமிக்குச் சொல்லுங்கோ, தாராளமாப் போடலாம், ஆனால் நேரா ஸ்லோ குக்கருக்குள்ள வேண்டாம். மரவள்ளியைத் திறந்த பானையில கனக்கத் தண்ணி விட்டு வடிவா அவிச்சு, அந்தத் தண்ணியை ஊத்திப்போடோணும். அந்தக் கிழங்கில நஞ்சு இருக்குது, மூடி வச்சு அதே தண்ணியில அவிக்கப்படாது. அவவுக்கு இது தெரிஞ்சிருக்கும், ஊரில அப்பிடித்தானே செய்யிறவை. அவிஞ்ச கிழங்கை அடியில பரப்பி, மேல இறைச்சியைப் போட்டால் லோவில ரெண்டு ரெண்டரை மணித்தியாலம் காணும், மூண்டரைக்குக் குமிழைத் திருப்பச் சொல்லுங்கோ. எங்கட ஊரில மரவள்ளி சமைச்ச நாளில இஞ்சி சேர்க்கவே மாட்டினம், என்ர அம்மா அதில சரியான கண்டிப்பு. நல்லமிளகும் பூண்டும் மாமி செய்த மாதிரியே இருக்கட்டும்.